மூணு தடவை வரணும்

டீ வேணாங்க மேடம். வெறும் வயித்துல குடிச்சா எனக்கு நெஞ்சு கரிக்கும். அந்தத் தண்ணி பாட்டிலை மட்டும் இங்கிட்டுத் தள்ளி வைங்க, போதும். நான் அவசரப்பட்டுப் பேசுற ஆளு இல்லை. நடந்தது நடந்த வரிசையிலயே சொல்றேன். நீங்க எழுதிக்கிறதுக்கும் அதுதான் சௌகரியம்.

எம்பேரு சுகுணா. முப்பத்தி நாலு வயசு. வீட்டுக்காரர் உதயசூரியன், கத்தார்ல இருக்காரு. நானும் மாமியாளும் இலுப்பூர்ல இருக்கோம். உரக்கடைக்கு மேல மாடியில பிராங்க்ளின் சார் ஆபீஸ் இருக்குல்ல, அங்க நாலு வருஷமா வேலை. அந்த மாடியில என்ன நடக்குதுன்னு ஊருக்குள்ள பாதிப் பேருக்குத் தெரியாது. ஆதார்ல பேரு திருத்துற எடம்னு நெனச்சு மூச்சு வாங்கப் படியேறி வந்துட்டு, எங்களைத் திட்டிட்டுப் போனவங்க நெறைய.

நாங்க செய்யிறது கேம் டெஸ்டிங். வெளிநாட்டுக்காரங்க கம்ப்யூட்டர் கேம் செஞ்சு, விக்கிறதுக்கு முன்னாடி எங்களுக்கு அனுப்புவாங்க. அதுல எங்கெங்க தப்பு இருக்குன்னு நாங்க பாத்து எழுதிக் குடுக்கணும். "விளையாடிட்டு வாரதுக்குச் சம்பளமாக்கும்"னு எங்க மாமியா கேப்பாங்க. விளையாட்டு எங்க மேடம் வருது? ஒரு சுவரு இருந்தா அதுல நூறு எடத்துல போயி முட்டணும். ஒரு கதவு இருந்தா ஓடிக்கிட்டே தெறக்கணும், குனிஞ்சுகிட்டே தெறக்கணும், தெறக்கிறப்பவே திரும்பிப் போகணும். தொண்ணூத்தொம்போது தடவை ஒழுங்காத் தெறந்த கதவு நூறாவது தடவை ஆளை உள்ள வச்சுச் சாத்திக்கிரும். அந்த நூறாவது தடவைக்கு உக்காந்திருக்கணும். பொறுமை இல்லாதவங்க ஒரு வாரத்துல கும்புடு போட்டுட்டுப் போயிருவாங்க. நான் போகலை.

எங்க ஆபீஸ்ல ஒரு சட்டம் உண்டு. ஒரு தப்பு ஒருதடவை வந்தா அது தப்பே இல்லை. எதெதைச் செஞ்சா வருதுன்னு ஸ்டெப் ஸ்டெப்பா எழுதி, அதே மாதிரி செஞ்சு பாத்தா மூணு தடவையும் வரணும். அப்பத்தான் ரிப்போர்ட் போகும். செஞ்சு பாத்து வராமப் போச்சுன்னா, 'வரல'ன்னு போட்டு முடிச்சிரணும். "பாத்தியாடி?" "பாத்தேன்க்கா, வரல." "அப்ப வரல போட்டுரு." நாள் பூரா எங்களுக்கு இந்தப் பேச்சுத்தான். வீட்டுல கரண்டு போயிட்டு வந்தாக்கூட என் வாயில 'வரல போட்டுரு'ன்னு வந்துரும்.

இலக்கியா எட்டு மாசத்துக்கு முன்னாடி வந்து சேந்தா. குடுமியான்மலைப் பக்கம் ஊரு. அப்பா சோலையப்பன், கொஞ்சம் நெலமும் ஒரு பட்டி ஆடும் வச்சிருக்காரு. இருபத்தி நாலு வயசு, ஸ்கூட்டியில வருவா. நல்ல புள்ள மேடம். இதை ஒப்புக்குச் சொல்லலை. வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா எனக்கும் சேத்துப் பூ வாங்கிட்டு வருவா. நான் தலையைத் திருப்பிக் காட்டுனா அவளே வச்சுவிடுவா.

தினமும் காலையில யாரு எந்தப் பகுதியைப் பாக்கணும்னு பிரிச்சுக் குடுக்கிறது என் பொறுப்பு. அதனாலதான் அவ என்கிட்ட வந்தா. சேந்த ரெண்டாவது வாரம், கைகழுவுற எடத்துல யாரும் இல்லாதப்ப, "அக்கா, ஒங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும். வெளிய விட்றாதீங்க"ன்னா. ஆறாப்பு படிக்கிறப்பலேருந்து வலிப்பு இருக்காம். காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு மாத்திரை. மூணு வருஷமா ஒருதடவை கூட வரலையாம். விட்டு விட்டு வெளிச்சம் அடிச்சா மட்டும் ஆகாது. "மின்னல் வெட்டுற சீன் வந்தா எனக்குப் போட்டுராதீங்கக்கா"ன்னா.

அன்னவாசல்ல மாப்பிள்ளை பேசி முடிச்சிருந்தாங்க. சிவபிரகாஷ்னு ஸ்கூல் வாத்தியார். அவங்க வீட்டுக்கு இது தெரியாது. வலிப்புங்கிற வார்த்தை வெளிய போச்சுன்னா எந்த வீட்டுல பொண்ணெடுப்பாங்க, ஒங்களுக்குத் தெரியாததா. மாப்பிள்ளை வீட்டாளுங்க வந்து போறதால, இவ வீட்டுல மாத்திரை அட்டை கூட கண்ணுல படக் கூடாது. அவங்கப்பா திருச்சியில வாங்கி, வர்ற வழியிலயே உரிச்சு, பேரு ஒட்டாத ஒரு டப்பாவுல கொட்டிக் குடுப்பாரு. அது ஆபீஸ்ல இவ டிராயர்ல இருக்கும். யாரும் கேட்டா சத்து மாத்திரைம்பா. ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டை மட்டும் காகிதத்துல மடிச்சு எடுத்துட்டுப் போவா.

"அப்பிடியே வந்துட்டாலும் பயந்துராதீங்கக்கா. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. சாவியெல்லாம் கையில திணிக்க வேணாம், அதனால ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அஞ்சு நிமிஷம் தாண்டுச்சுன்னா மட்டும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிருங்க." இம்புட்டையும் சொல்லிட்டு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டா.

ஆறு மாசம் அந்தச் சத்தியத்தைக் காப்பாத்துனேன். அதையும் எழுதிக்கங்க. மின்னல் வெட்டுற சீனெல்லாம் நானே எடுத்துக்கிட்டேன். சாயங்காலம் ஆனா எனக்குக் கண்ணு ரெண்டும் பிடுங்கும், தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். ஒருநாளும் அவகிட்டச் சொல்லிக் காட்டுனது இல்லை. கேம்ல 'மின்னல் குறைப்பு'ன்னு ஒரு வசதி இருக்கு, அதைப் போட்டா வெளிச்சம் மட்டுப்படும். அவ மெஷின்ல அதை நான்தான் முதநாளே போட்டுக் குடுத்தேன்.

சண்டைன்னு எங்களுக்குள்ள ஒண்ணும் இல்லை. ஆனா அவ வேலை பாக்கிற விதம் எனக்கு ஒத்துக்கலை. நான் ஒரு மூலையிலேருந்து ஆரம்பிச்சு, கோலப்புள்ளி வைக்கிற மாதிரி வரிசையாப் பாத்துக்கிட்டு வருவேன். அவ சும்மா உக்காந்திருப்பா. கையைக் கன்னத்துல வச்சுக்கிட்டு வேடிக்கை பாப்பா. திடீர்னு எந்திரிச்சு, "அக்கா, இங்கிட்டு வாங்களேன்"ம்பா. போயிப் பாத்தா அங்க ஒரு தப்பு இருக்கும். முந்தின நாள் அதே எடத்தை நான் பாத்து முடிச்சிருப்பேன்.

ஒரு மலை கேம் வந்துச்சு. அந்த மலைக்கு நான் ஆறு நாள் குடுத்தேன். ஒரு பாறை விடலை. சரியா இருக்குன்னு எழுதி முடிச்சாச்சு. ஏழாம் நாள் இவ அதுல மேயுற ஆட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. "இந்த ஆடு சும்மா நிக்குதுக்கா. ஆடு அப்பிடி நிக்காது"ன்னா. "கேம்ல உள்ள ஆடுடி அது, அப்பிடித்தான் நிக்கும்"னு நான் சொன்னேன். "இல்லக்கா, எதையோ பாத்துப் பயந்து நிக்குது"ன்னுட்டு ஆளைக் கொண்டு போயி அந்த ஆட்டுக்கு முன்னாடி விட்டா. ஆளு தரையில பொதபொதன்னு எறங்கிப் போயிக்கிட்டே இருக்கான். அடி காணலை. அங்க தரையே இல்லை மேடம், மேல புல்லு மட்டும் வரைஞ்சு விட்டிருக்கான். மூணு தடவை செஞ்சா. மூணு தடவையும் வந்துச்சு.

இப்ப நான் சொல்றதை ஒழுங்கா வாங்கிக்கங்க, இதுதான் விஷயம். ஒரு கேம் முடியுறப்ப அதுல வேலை பாத்தவங்க பேரெல்லாம் கீழேருந்து மேல ஓடும். எங்க ஆபீஸ் பேரு அதுல வந்ததே கெடையாது. இந்த மலை கேம்ல ஒரே ஒரு ஆளு பேரு போடுறதாச் சொல்லியிருக்காங்கன்னு பிராங்க்ளின் சார் பொங்கலுக்கு முன்னாடியே சொன்னாரு. நாலு வருஷம் முழுசா இருக்கிறவ நான் ஒருத்திதான். "வேற யாருக்கு, ஒங்களுக்குத்தான்"னு எல்லாருமே சொன்னாங்க. பேரை எப்பிடிப் போடணும்னு ஒரு சீட்டுல எழுதிக்கூட வச்சிருந்தேன், உ. சுகுணா. வீட்டுக்காரர்கிட்டயும் போன்ல சொல்லிட்டேன். மனுஷன் ரூம்ல கூட இருக்கிற எட்டுப் பேருக்கும் பிரியாணி செஞ்சு போட்டுட்டாரு.

ஆட்டைக் கண்டுபிடிச்ச பொண்ணு பேரை அனுப்புங்கன்னு கேம் செஞ்சவங்ககிட்டேருந்து லெட்டர் வந்துச்சு. பிராங்க்ளின் சார் எல்லாரையும் எந்திரிக்கச் சொல்லிட்டு வாசிச்சாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன். அதோட விடலை அவரு. "இந்த கேம் முடிஞ்சதும் வேலையை இலக்கியாவே பிரிச்சுக் குடுக்கட்டும். சுகுணா, நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கங்க"ன்னாரு. ரெஸ்ட். அந்த வார்த்தையை அவரு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு.

மத்தியானம் அவ டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு என் பக்கத்துல வந்து உக்காந்தா. "அக்கா, ஒங்க பேருதான் வரணும். நான் சார்கிட்டச் சொல்லிட்டேன், எம்பேரு வேணாம்னு"ங்கிறா. சொல்லியும் இருக்கா, விசாரிச்சேன். அவருதான் ஒத்துக்கலை. தட்டிப் பறிச்சிருந்தாக்கூட பொறுத்துருப்பேன் மேடம். விட்டுக் குடுக்க வந்தா பாருங்க. எனக்குச் சேர வேண்டியதை எனக்கே தானம் போட வந்தா. அன்னைக்கு அவ குடுத்த கத்திரிக்கா கூட்டைத் தின்னுட்டு, நல்லா இருக்குடின்னு சொன்னேன்.

முதல் தடவை அவளுக்கு வலிப்பு வந்தது என் வேலை இல்லை. அதைத் தெளிவா எழுதிக்கங்க. சுரங்கப் பாதைன்னு மட்டும்தான் அந்த சீனுக்குப் பேரு. உள்ள போனா விளக்கு விட்டு விட்டு எரியும்னு எனக்குத் தெரியாது. அன்னைக்குப் புது வெர்ஷன் போட்டிருந்தாங்க, அதுல மின்னல் குறைப்பு தானா அணைஞ்சு போயிருந்துருக்கு. நாற்காலியிலேருந்து சரிஞ்சு விழுந்தா. நான்தான் முதல்ல ஓடுனேன். ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன். பக்கத்து சீட்டு சத்யபிரியா, "சாவி, சாவி"ன்னு கத்துறா. வேணாம்னு எனக்குத் தெரியும். ஆனா ஆபீசே என் கையைப் பாத்துக்கிட்டு நிக்குது. இடுப்புல இருந்த சாவிக்கொத்தை எடுத்து அவ உள்ளங்கையில வச்சு மூடுனேன். எல்லா டிராயருக்கும் டூப்ளிகேட் சாவி அந்தக் கொத்துலதான் இருக்கும். அவளோடதும்தான்.

ரெண்டு நிமிஷத்துல நின்னுருச்சு. சாவி குடுத்ததாலதான் நின்னுச்சுன்னு எல்லாரும் நம்புனாங்க. "காலையில சாப்பிடாம வந்திருக்கா, சுகர் எறங்கிருச்சு, அதான் வெட்டிவெட்டி இழுத்துருக்கு"ன்னு சொல்லி நான் மூடி மறைச்சேன். கண்ணு முழிச்சதும் என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா. பிராங்க்ளின் சார், "நீங்க இல்லாட்டி நாங்க என்ன பண்ணியிருப்போம் சுகுணா"ன்னாரு. அவ மூணு நாள் லீவு. அவ பகுதியும் என்கிட்ட வந்துச்சு. அந்த மூணு நாளும் ஆட்டுப் பேச்சை ஒருத்தரும் எடுக்கலை. அந்த லெட்டர் வந்து ரெண்டு மாசத்துக்கப்புறம் எனக்கு அப்பத்தான் சோறு ஒழுங்கா எறங்குச்சு.

ஒருதடவை வந்தா அது தப்பு இல்லை. அது எங்களுக்குப் பழகிப் போன புத்தி. எதெது சேந்து வந்துச்சுன்னு மனசு அதுபாட்டுக்குப் பிரிச்சுப் பாத்துக்கிட்டே இருந்துச்சு.

ரெண்டாவது தடவை நான் செஞ்சது. மூணு வாரம் கழிச்சு அவங்க ஊருல திருவிழா. சாமி வீதி உலா பாத்துட்டு கண்ணு செவக்க வந்தா. தூக்கம் இல்லைன்னா இது சீக்கிரம் வரும்னு அவளே என்கிட்டச் சொல்லியிருக்கா. அவ டீ குடிக்கக் கீழ எறங்குனப்ப மின்னல் குறைப்பை அணைச்சேன். சுரங்கப் பாதையில ஒரு கதவு மட்டும் மறுபடி பாக்கணும்டின்னு குடுத்தேன். பத்து நிமிஷம் ஆகலை. இந்தத் தடவை மூணு நிமிஷம். சாவி, தண்ணி, சுகர் எறங்கிருச்சு, எல்லாம் அதே மாதிரி. வெளிய போக விடாம நான் காப்பாத்திக் குடுக்கிறேன்னு அவங்கப்பா எங்க வீட்டுக்கே வந்து ஒரு கூடை மாங்கா குடுத்துட்டுப் போனாரு. மாமியா ஊறுகா போட்டாங்க.

அதுக்கப்புறம் அவ உஷாராயிட்டா. காலையில வந்ததும் மின்னல் குறைப்பைப் பாத்துட்டுத்தான் உக்காருவா. கண்ணு கூசுறதுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி கூட வாங்கிட்டா. அப்ப அந்த ஸ்டெப் இனிமே வராது. வேற ஸ்டெப் வேணும்.

எங்க மாமியாளுக்கு மூட்டு வலிக்கு சுண்ணாம்புச் சத்து மாத்திரை குடுத்திருக்காங்க. அதுவும் வெள்ளை, அதே தண்டி. அவ மாத்திரையில நடுவுல ஒரு கோடு இருக்கும், இதுல இருக்காது. அது ஒண்ணுதான் வித்தியாசம். அவங்கப்பா புதுசா டப்பாவை நிரப்பிக் குடுத்த அன்னைக்கு, அவ சாப்பிட்டுக் கைகழுவப் போன நேரத்துல மாத்துனேன்.

அன்னைக்கு சாயங்காலமே பாத்துட்டா. அவ பாக்காம இருப்பாளா. உள்ளங்கையில மாத்திரையை வச்சுக்கிட்டு, "அக்கா, இதுல கோடு இல்லையே"ன்னு கேட்டா.

"கம்பெனிக்காரன் மாத்தியிருப்பான்டி. எங்க மாமியா பிரஷர் மாத்திரை கூட இப்ப வேற கலர்ல வருது."

"அப்பிடியாக்கா?"

"போட்டுக்க, ஒண்ணும் ஆகாது."

போட்டுக்கிட்டா. கேம்ல ஒரு சுவரை நம்ப மாட்டா. சரியா இருக்குன்னு நான் எழுதிக் குடுத்ததையே நாலு தடவை தட்டிப் பாப்பா. நான் வாயால சொன்னதை அப்பிடியே நம்பித் தண்ணியைக் குடிச்சா. ஒம்போது நாள் அதைத்தான் போட்டுக்கிட்டு இருந்தா.

பத்தாவது நாள் மாப்பிள்ளையும் அவரோட அக்காவும் ஆபீஸைப் பாக்க வர்றதா இருந்துச்சு. பொண்ணு எங்க வேலை பாக்குதுன்னு பாத்துட்டுப் போறது, பதினோரு மணிக்கு. எந்த சேலை கட்டலாம்னு முந்தின நாள் என்கிட்டத்தான் கேட்டா. மயில்கழுத்து நெறத்தைக் கட்டச் சொன்னேன். என் கணக்கு வேற ஒண்ணும் இல்லை மேடம். அவங்க படியேறி வர்ற நேரத்துல அது வரணும், அவங்க கண்ணால பாக்கணும், அம்புட்டுத்தான். சம்பந்தம் நின்னு போகும். அவமானத்துல வேலையை விட்டுருவா. இன்னொரு ஊருல போயி நல்லா இருக்கட்டும்னுதான் நெனச்சேன். அவ நல்லதுக்கும் சேத்துத்தான் நெனச்சேன்.

ஆனா அது பத்தரைக்கே வந்துருச்சு. மின்னல் இல்லை, சுரங்கம் இல்லை, பேசிக்கிட்டு இருந்தவ பாதி வார்த்தையில விழுந்தா. சத்யபிரியா 108க்குப் போன் போட எடுத்தா. நான் வாங்கி வச்சுக்கிட்டேன். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற நேரம். ஆம்புலன்ஸ் வந்து வாசல்ல நின்னா இந்தப் புள்ள வாழ்க்கை என்னத்துக்காகும்? ரெண்டு தடவையும் தானா நின்னுருச்சு, இப்பவும் நிக்கும்"னேன். எல்லாரும் தலையை ஆட்டிக்கிட்டு ஒதுங்கி நின்னாங்க. ரெண்டு தடவை காப்பாத்துனவ நான்.

அவங்கப்பாவுக்கு நானே போன் பண்ணேன். "108ஐக் கூப்பிடவாங்கய்யா, நீங்க சொல்லுங்க"ன்னேன். "வேணாம்மா. அவுக வந்துட்டுப் போயிரட்டும். வெளிய தெரிய வேணாம். நீ பாத்துக்கம்மா, இந்தா நான் கெளம்பி வாரேன்"னாரு. போனை வச்சேன். சுவத்துக் கடிகாரத்துல ஆறு நிமிஷம் ஆயிருந்துச்சு.

அஞ்சு நிமிஷம்னு அவ சொன்னது எனக்கு ஞாபகம் இருந்துச்சாங்கிறீங்க. இருந்துச்சு. பத்து நிமிஷம் ஆனப்பவும் இருந்துச்சு. அவ தலை என் மடியிலதான் இருந்துச்சு. சாவிக்கொத்தைப் புடிச்ச விரலு விட்டு விட்டு இறுகுது. ஒதடு நீலம் பாரிச்சுக்கிட்டே வருது. பதினோரு மணிக்கு வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்களைப் பிராங்க்ளின் சார் வாசல்லயே மடக்கி எதுத்த டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. கீழ அவங்க சிரிச்சுப் பேசுற சத்தம் மாடிக்குக் கேட்டுச்சு. நான் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன். எம்புட்டு நேரம் போகும்னு எனக்குத் தெரியலை. தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு.

கடைசியில சத்யபிரியாதான் என்னைத் தாண்டிக்கிட்டுக் கீழ ஓடி, டீக்கடையிலயே மாப்பிள்ளைகிட்டச் சொல்லிட்டா. அந்த வாத்தியாரு ரெண்டு ரெண்டு படியாத் தாவி வந்தாரு. அவளைத் தோள்ல போட்டுக்கிட்டு எறங்குறப்ப, "ஏங்க முன்னாடியே சொல்லலை? எங்க சித்திக்கும் இது இருக்கு. மாத்திரை போட்டுக்கிட்டு நாலு புள்ளை பெத்துருக்காங்க"ன்னு சொல்லிக்கிட்டே எறங்குனாரு. அவரு கார்லயே கொண்டு போனாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு முடிஞ்சு போச்சு.

மாத்திரையை நிறுத்திட்டா போலன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரத்தத்துல மருந்தே இல்லையாம். கல்யாண பயத்துல விட்டுருப்பான்னு ஊரே சொல்லுது. டப்பாவுல பழையபடி கோடு போட்ட மாத்திரையைத் திருப்பி வச்சாச்சு. காரியத்துக்கு நான் போனப்ப அவங்கப்பா துண்டை வாயில அடைச்சுக்கிட்டு, "நான்தான்மா வேணாம்னேன், நான்தான்மா கொன்னேன்"னு என் காலடியில உக்காந்து அழுதாரு. நீங்க கேஸை முடிச்சிட்டீங்க. என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. பின்ன எதுக்கு இப்ப வந்து உக்காந்திருக்கேன்னுதானே பாக்குறீங்க.

போன திங்கக்கிழமை அவ டிராயரைக் காலி பண்ணச் சொன்னாரு பிராங்க்ளின் சார். பொட்டு அட்டை, சீப்பு, கறுப்புக் கண்ணாடி, அடியில ஒரு நாப்பது பக்க நோட்டு. இந்தாங்க, இதுதான். கேமுக்கு எழுதுற மாதிரியே எழுதியிருக்கா, தேதி போட்டு. 'மாத்திரையில கோடு இல்லை. கசப்பு இல்லை, சுண்ணாம்பு மாதிரி இருக்கு.' அடுத்த பக்கம், 'திருவிழா மறுநாள் மின்னல் குறைப்பு அணைஞ்சு இருந்துச்சு. அன்னைக்குப் புது வெர்ஷன் போடலை. நான் டீக்குப் போனப்ப மெஷினைத் தொட்டது யாரு?' அதுக்கு அடுத்தது, 'டிராயருக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு சுகுணா அக்காகிட்ட.'

பாத்தீங்களா மேடம்? எல்லாத்தையும் புடிச்சிட்டா. நாலாம் நாளே புடிச்சிட்டா. ஒரு ஸ்டெப் விடலை. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி படிச்சப்ப அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, உள்ள போட்டிருந்தா ஒரு நிமிஷ வேலை. நான் போடலை. ஏன்னா கடைசி வரியைப் படிச்சேன். நீங்களும் படிங்க. 'அக்காகிட்ட கேட்டாச்சு. கம்பெனி மாத்தியிருப்பான்னாங்க. அக்காவைப் போயி இப்பிடி நெனச்சதே பாவம். வரல.'

ஆமா, மாத்திரையை மாத்துனது நான். விளக்கை அணைச்சு விட்டது நான். 108ஐத் தடுத்தது நான், அவங்கப்பா இல்லை. அவரு பாவம், அவர்கிட்ட ஆளனுப்பிச் சொல்லிருங்க. எங்க கையெழுத்துப் போடணுமோ போடுறேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த மலை கேம்ல இப்ப அவ பேரைக் கடைசியில இல்லை, முதல்லயே தனியாப் போடப் போறாங்களாம். 'எதையும் தப்ப விடாத கண்ணு'ன்னு பிராங்க்ளின் சார் எழுதி அனுப்பியிருக்காரு. இந்த நோட்டுல கடைசி வரியை அவருக்கு ஒருதடவை காட்டுங்க மேடம். கண்ணுக்கு முன்னாடி உக்காந்திருந்ததை 'வரல'ன்னு போட்டு முடிச்சிருக்கா. ஆறு நாள் பாத்து நான் விட்டது ஒரு ஆட்டைத்தான்.